ஊட்டி வண்டியில் ஜன்னல் ஓரம்

என்னங்க, உங்களைத்தான்.

என் கண்டக்டர் ஐயாவுக்கு, முப்பத்தோரு வருஷம் கூட இருந்தவள் எழுதுவது. நீங்கள் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. வீட்டில் பேச ஆளில்லை, அதனால் எழுதுகிறேன். உப்பு கம்மி, காரம் ஜாஸ்தி என்று குறை சொல்லிச் சாப்பிட ஒரு வாய் இல்லாத வீட்டில் சமையல் எதற்கு? ஒரு நாள் வைத்த குழம்பை மூன்று நாள் சாப்பிடுகிறேன்.

போன மாதம் பீரோவில் உங்கள் காக்கிச் சட்டைகளை மடித்து வைக்கும்போது அந்தக் காலண்டர் தாள் கிடைத்தது. ரிட்டயர் ஆன மறுநாளே உட்கார்ந்து எழுதினீர்களே, நாம் ஊட்டிக்குப் போகிற திட்டம். காலை ஐந்து மணி சேலம் வண்டி. அங்கிருந்து கோயம்புத்தூர். மேட்டுப்பாளையத்தில் டீ மட்டும், வேறு எதுவும் சாப்பிட்டால் வளைவில் வாந்தி வரும். சக்கரத்துக்கு மேல் சீட்டு வேண்டாம். கடைசி வரி: ‘சரோஜா ஜன்னல் ஓரம். நான் பக்கத்தில்.’

அந்தக் கடைசி வரிக்காகத்தான் அத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று உங்களுக்குத் தெரியுமா? கல்யாணம், கருமாதி, எங்கே போனாலும் உங்கள் வண்டிதான். என்னை முன்னால் உட்கார வைத்து, எனக்கும் ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு நீங்கள் கூட்டத்துக்குள் போய்விடுவீர்கள். பக்கத்தில் யாரோ ஒரு பொம்பளை குழந்தையோடு வந்து உட்காருவாள். ஊட்டிக்கு லீவு கேட்டால் பௌர்ணமி ஸ்பெஷல் பஸ் என்பார்கள். அது முடிந்தால் தீபம். ஊர் உலகமெல்லாம் மலை சுற்ற வரும்போது திருவண்ணாமலைக் கண்டக்டருக்கு ஏது லீவு?

ரிட்டயர் ஆகட்டும் என்றீர்கள். ஆன நாலாம் மாதம், நெஞ்சு வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தனியாகவே கிளம்பிவிட்டீர்கள். எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

நான் ஊட்டிக்குப் போகலாம் என்றிருக்கிறேன். வருஷத் திதி முடிந்ததும் நம் பையன் என்னை ஓசூருக்குக் கூட்டிக்கொண்டு போகிறான். இந்த வீட்டைக் காலி செய்கிறோம். அங்கே போய்விட்டால் நானாக ஒரு பஸ் ஏற முடியுமா? பூத்துக்குப் போய் அவனிடம் போனில் சொன்னேன். தனியாக எதற்கு, அப்புறம் காரில் கூட்டிப்போகிறேன் என்றான். அப்பனுக்குத் தப்பாத பிள்ளை, அதே அப்புறம்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து உங்கள் தம்பி வந்தபோது அவரிடமும் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது.

“துக்க வீடுங்க அண்ணி. வருஷம் திரும்பற வரைக்கும் மலை ஏறக் கூடாது.”

“அது சாமி மலைக்குத்தானே? இது ஊட்டிங்க.”

அவர் நம் வாசலுக்கு நேரே தெரிகிற மலையைப் பார்த்தார். “மலைன்னா மலைதானே அண்ணி?”

நம் ஊர்க்காரர்களை என்ன செய்வது? எங்கே மேடு தெரிந்தாலும் கை கூப்பிவிடுவார்கள். அங்கே உருளைக்கிழங்கு விளைகிறது என்றால் நம்பவா போகிறார்? சிரிப்பு வந்தாலும் மனசு விட்டுப் போயிற்று. தாளைப் பீரோவிலேயே வைத்துவிட்டேன். பதினோரு பௌர்ணமியாக நான் கிரிவலமும் போகவில்லை. சாயந்திரம் வாசலில் நாற்காலி போட்டு, போகிறவர்களின் கால்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அத்தனை கால்களில் ஒன்றுகூட நம் வீட்டுப் பக்கம் திரும்பாது.

நேற்று உங்கள் தம்பி மறுபடி வந்தார். காபி குடித்தார், கடலைச் செடி காய்ப்பு பற்றிப் பேசினார். ஊட்டி பற்றிச் சரியென்றும் சொல்லவில்லை, தப்பென்றும் சொல்லவில்லை. எழுந்து செருப்பு மாட்டும்போது பையிலிருந்து தன் மப்ளரை எடுத்து நாற்காலி மேல் வைத்தார்.

“காதை மூடிக்குங்க அண்ணி. அங்க குளிரு ஜாஸ்தின்னாங்க.”

அவர் தெருமுனை திரும்பும்வரை பொறுத்திருந்துவிட்டு அழுதேன். உங்கள் கை ஜாடைதான் அவர் கையும்.

வியாழக்கிழமை கிளம்புகிறேன். பயமாகத்தான் இருக்கிறது. முன்பின் தெரியாத கண்டக்டரிடம் “ஊட்டி ஒண்ணு” என்று கேட்க வேண்டும். ஒன்று என்று சொல்ல எனக்கு வாய் வருமா?

உங்கள் இடத்தில் என் பையை வைத்துக்கொண்டு போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். உடனே உங்கள் குரல் கேட்டது. “பைக்கு டிக்கெட் எடுத்தியாம்மா? எடு, நிக்கிறாங்க இல்ல.” எத்தனை பேரை அப்படி அதட்டியிருப்பீர்கள்! சரிங்க, பையை மடியிலேயே வைத்துக்கொள்கிறேன். கால் கடுக்க நிற்கிற ஒருத்தியைக் கூப்பிட்டு உங்கள் இடத்தில் உட்கார வைக்கிறேன், சத்தியமாக. ஆனால் அவள் என்ன கெஞ்சினாலும் ஜன்னல் ஓரத்தை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அது நீங்கள் எனக்கு எழுதிக் கொடுத்தது.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி
சரோஜா