சேற்றுச் சட்டை

மார்ச் 4
வெள்ளைப்பூனையே, நீ கண்மூடி இன்றோடு முப்பத்தெட்டு நாள். தலையிலிருந்து கால்வரை கல்தூளோடு வந்து நிற்பாயே, அப்போது வைத்த பெயர். நேரில் 'நீங்க', 'வாங்க'. நோட்டில் மட்டும் 'நீ'. கோபித்துக்கொள்ளாதே.

மார்ச் 5
எழுத வரவில்லை.

மார்ச் 9
உன் தம்பி வந்தான். பட்டறையில் உன் கல் அறுக்கும் மிஷினை இப்போது அவன்தான் ஓட்டுகிறான். வாசலில் நின்று சட்டையை உதறினான். உன் மேல் இருந்த அதே வெள்ளைத் தூள்.
"மிஷின்ல தண்ணிக்குழாய் இருக்கே தம்பி, திறந்தா என்ன?"
"திறந்தா ஒரே சேறு அண்ணி. ஒண்டிக்கட்டை, யார் துவைக்கிறது? அதான் வாயில துணி கட்டிக்கிறேன்ல."
"உங்க அண்ணனும் துணி கட்டினவர்தான்."
செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

மார்ச் 10
அன்று உன் எக்ஸ்ரேயைப் பார்த்து டாக்டர் சொன்னது காதிலேயே நிற்கிறது. 'நுரையீரல்ல படிஞ்ச தூள் இனி வெளிய வராதும்மா. தண்ணி விட்டு அறுத்திருந்தா இவ்வளவு பறந்திருக்காது.' நீ என் முகத்தைப் பார்த்தாய். உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

ஏன் திரும்பினாய் என்று தெரியும். கல்யாணமான புதிதில் தண்ணீர் விட்டுத்தான் அறுத்தாய். தினமும் சேறு அப்பிய சட்டை. காய்ந்தால் சிமெண்ட் மாதிரி. தேய்த்துத் தேய்த்து என் கைத்தோல் உரிந்தது. ஒருநாள் கத்திவிட்டேன் — "கல் அறுக்கப் போறீங்களா, எருமை குளிப்பாட்டப் போறீங்களா?" நீ சிரித்தாய். மறுநாளிலிருந்து உதறினால் போகிற தூளோடு வந்தாய். நானும் அப்பாடான்னு இருந்தேனே... பதினோரு வருஷம் உதறினேனே, பாவி!

மார்ச் 12
பட்டறைக்குப் போனேன். "தண்ணி விட்டா வேலை மெதுவாகும்மா" என்றார் முதலாளி. உன் எக்ஸ்ரே படத்தை அவர் மேஜையில் வைத்தேன்.
"மெதுவாகட்டும். இவர் வேகமாத்தான் போய்ச் சேர்ந்தார்."
படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு அவரே எழுந்து போய்க் குழாயைத் திறந்தார். முகத்தோடு ஒட்டி நிற்கிற முகமூடியும் வாங்குகிறாராம்.
உன் தம்பியிடம் சொல்லிவிட்டேன், "சட்டையை இங்க கொண்டாந்து போடு. துவைக்கிறது என் பொறுப்பு."

மார்ச் 19
தம்பிக்கும் படம் எடுத்தார்கள். நுரையீரலில் இதுவரை தூள் படிந்த தடம் எதுவும் இல்லையாம். வருஷா வருஷம் எடுக்கணுமாம். வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

மார்ச் 23
இன்று வாளி நிறையச் சேற்றுத் துணி. நாலு தடவை அலசினேன். கை எரிகிறது. தேங்காய் எண்ணெய் தடவினேன், கொஞ்சம் அடங்கியது.
இவ்வளவுதானா பூனை? இந்த எரிச்சலுக்காகவா குழாயை மூடினாய்?