பிரியந்தனின் பாஸ்வேர்ட்

8 மார்ச் 2025, சனி

கொள்ளுப்பிட்டி வகுப்பில் முதல் நாள். புரோகிராமிங் படித்து முடித்தால் இரத்மலானைத் தொழிற்சாலையின் வரவேற்பு மேசையை விட்டு எழும்பலாம். அடுத்த சனிக்குள் எல்லாரும் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் போட்டுக்கொண்டு வர வேண்டுமாம். “சிம்பிள்” என்றார் றொஹான் சேர். அவருக்குச் சிம்பிள்.

9 மார்ச்

கறுப்புத் திரையைத் திறந்தால் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் பிரியந்தன், பிரியந்தன் என்று நிற்கிறது. என்னை விட்டுவிட்டுப் பாரிஸில் வேறொருத்தியோடு குடும்பம் நடத்துகிறான். இந்தப் பழைய லப்டொப்பை விட்டு மட்டும் போகமாட்டான். கணக்கின் பெயரை மாற்றினேன். கோப்புறையின் பெயர் மாறாதாம். வீட்டுக் கரண்ட் பில்லும் அப்படித்தான்.

10 மார்ச்

லினக்ஸ் ஏற மறுக்கிறது. விண்டோஸ் தொடங்குமுன் வருகிற அடிச் செற்றிங்கில் ஏதோ ஒன்றை ஓன் பண்ண வேண்டும். அதைத் திறக்க பாஸ்வேர்ட் கேட்கிறது. அவன் போட்டது. வெள்ளவத்தைக் கடைக்காரரும் “பே மிஸ்”, ஏலாது என்று சிங்களத்தில் கையை விரித்துவிட்டார். இனி அவனிடம் கேட்பதா? சீ.

12 மார்ச்

கேட்டேன். வெட்கம் கெட்டு மூன்று தரம் அடித்தேன். மூன்றாம் தரம்தான் எடுத்தான்.

“என்னத்துக்கு உமக்கு லினக்ஸ்? முதல்ல ஒழுங்கா இடியப்பம் அவிக்கப் பழகும்.”

“பாஸ்வேர்டைச் சொல்லுங்கோ.”

“கெஞ்சிக் கேளும், பாப்பம்.”

பகிடியாம். கெஞ்சினேன். அவன் பெயர், பின்னால் ஒன்று இரண்டு மூன்று — அவ்வளவுதான் பாஸ்வேர்ட். ஐயோ, இதுக்கா கெஞ்சினனான்? அவனுக்கு வேற என்ன தோன்றும்? எனக்கு என்னிலதான் கோபம்.

13 மார்ச்

ஏறிவிட்டது! புதுப் பெயர் கேட்டது, உஷாந்தி என்று கொடுத்தேன். பாஸ்வேர்ட் அடிக்க அடிக்க எழுத்தே விழவில்லை. கீபோர்ட் பழுதென்று நினைத்து நன்றாகத் தட்டினேன். லினக்ஸில் அப்படித்தானாம். பிறகு பச்சை எழுத்தில் என் பெயர் வந்தது. இந்த வீட்டில் என் பெயர் இருக்கிற ஒரே இடம்.

21 மார்ச்

அவன் தங்கச்சி சுபோதினி கோல் எடுத்தாள். “லப்டொப் இப்ப நல்லா வேலை செய்யுதாம் எண்டு அண்ணா சொன்னவர். எங்கட இவருக்கு வேணும். ஞாயிறு வாறன்.”

தவளை தன் வாயால் கெடும்; நான்தானே அவனுக்குக் கோல் எடுத்துக் கேட்டேன். மறுத்தால் ரசீது அண்ணாவின் பெயரில் என்று வாசலில் நின்று கத்துவாள். பக்கத்து வீடுகளுக்கு இன்னொரு நாடகம் வேண்டாம்.

23 மார்ச், ஞாயிறு

கொண்டுபோய்விட்டாள். தேத்தண்ணி கூடக் குடிக்கவில்லை. நல்லவேளை, செய்த பயிற்சிகளை எல்லாம் சேர் காட்டித் தந்தபடி நேற்றே இணையத்தில் ஏற்றிவிட்டேன். வேலை முடிய வகுப்புக்கு வந்து அங்குள்ள மெஷினில் செய்யலாம் என்றார்.

மேசை வெறுமையாகக் கிடக்கிறது. அழவில்லை. அழுதேன்.

24 மார்ச்

சுபோதினி திரும்பவும் கோல். லப்டொப்பை ஓன் பண்ணினதுமே பாஸ்வேர்ட் கேட்கிறதாம், அண்ணா சொன்னதைப் போட்டும் திறக்கவில்லையாம். திறக்காது. கொடுக்குமுன் அடிச் செற்றிங்கில் அதை மாற்றி, ஓன் பண்ணும்போதே கேட்கும்படி வைத்துவிட்டேன்.

“அண்ணாவையே என்னட்டக் கேக்கச் சொல்லுங்கோ மச்சாள்” என்றேன்.

பாரிஸ் நம்பர் அடிக்கிறது. இது இரண்டாம் தரம். மூன்றாம் தரம்தான் எடுப்பேன்.