டீக்கடை அடுப்பில் சிவப்பு நூல்

பாடாலூர்

என் செல்ல மகள் வெற்றிச்செல்விக்கு, அம்மா எழுதுவது. குலசாமி புண்ணியத்தில் நானும் அப்பாவும் ஆடுகளும் சுகம். அந்தக் கனடாக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கவேண்டும்.

போனில் சொன்னால் பாதியிலேயே சிரிப்பாய், அதனால்தான் எழுதுகிறேன். நம் பருத்தி ஜெயித்துவிட்டதடி! போன வருஷம் உரச் சாக்கில் கட்டிக்கொண்டு போய், சாக்கின் பிளாஸ்டிக் இழை பஞ்சில் கலந்து, வியாபாரி சிங்காரவேலு ஏலக்கூடத்தில் எல்லார் முன்னாலும் அதைத் தூக்கிக் காட்டி, இது பஞ்சா குப்பையா என்று கேட்டாரே, அப்பா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாரே, அது என் நெஞ்சிலேயே கிடந்தது. அந்த இழையில் சாயம் பிடிக்காதாம், துணியையே கெடுத்துவிடுமாம். இந்த வருஷம் ஒரு உரச் சாக்கைக்கூடப் பருத்திக் கொல்லைப் பக்கம் விடவில்லை. பருத்தி எடுக்க வந்த பெண்களை நூல் சேலையில்தான் மடி கட்ட வைத்தேன். நைலான் கயிற்றை ஆடு கட்ட விட்டுவிட்டு, அப்பாவின் பழைய வேட்டிகளைச் சாக்காகத் தைத்தேன். வேட்டி போதவில்லை, பீரோவில் இருந்த உன் சிவப்புக் கரை நூல் சேலையையும் கிழித்துவிட்டேன், திட்டாதே.

ஏலத்தன்று சிங்காரவேலு முழங்கை வரை கையை விட்டுத் துழாவி, ஒரு சிவப்பு நூலை உருவி, மறுபடியும் பிளாஸ்டிக்கா என்று சத்தம் போட்டார். அப்பாவுக்கு முகம் சுண்டிப்போனது. எனக்கு வந்ததே கோபம்! அது என் மவ சேலைக் கரைங்க, பஞ்சு நூலுங்க, கொளுத்திப் பாருங்கன்னு கத்திவிட்டேன். பஞ்சு கிடக்கிற இடத்தில் தீக்குச்சி கிழிக்க முடியுமா, கூட்டமே திரண்டு எதிர் டீக்கடைக்கு வந்தது. அடுப்பில் நூலின் முனையைக் காட்டினேன். காகிதம் கருகுகிற வாசம், தொட்டதும் பொடிச் சாம்பல். கடை வாசலில் கிடந்த உரச் சாக்கில் ஒரு இழையை உருவிக் காட்டினேன், உருகிச் சுருண்டு உருண்டையாய் இறுகிவிட்டது. எட்டாவது படிக்கும்போது பள்ளிக்கூடப் பாடம் என்று என் முந்தானையில் நூல் உருவிக் கொளுத்தி அடி வாங்கினாயே, அதே வித்தைதான். அடித்தது அடித்ததுதான், சேலையைக் கொளுத்தினால் கொஞ்சுவார்களா? சிங்காரவேலு, இது சுத்தமான பஞ்சுதாம்மான்னு எல்லார் காதிலும் விழச் சொல்லி, நம் பருத்திக்கே அன்றைக்கு எல்லாரையும்விட அதிக விலை போட்டார். உன் அப்பா, டீக்கடையில் இருந்த அத்தனை பேருக்கும் டீ சொன்னார், உன் அப்பா!

குளிருக்கு உள்ளே பஞ்சு பனியன் போட்டு, மேலே கம்பளி போடு. அந்த வழுவழு நைலான் நைட்டியோடு அடுப்படியில் நிற்காதே, தீப்பட்டால் உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். கிழித்த சேலைக்குப் பதில் புதுச் சேலை எடுத்து வைத்திருக்கிறேன், வரும்போது கட்டிக்கொள்ளலாம். இரண்டு பேரும் குறைவில்லாமல் நன்றாக இருங்கள்.

எரிந்தது போக மிச்ச நூலை இந்தக் கடிதத்திலேயே மடித்து வைத்திருக்கிறேன். அதையும் கொளுத்திப் பார்க்காதே, அப்பாவை நிமிர்ந்து நடக்க வைத்த நூலடி அது.

உன் அம்மா,
வேம்பு செல்லமுத்து