பழைய சம்பளத்தில் வாங்கிய வீடு

லிந்துலை
14.6.1987

அன்பு மகன் லோரன்ஸுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் தங்கச்சி பவுலினும் சுகம். டோஹா வெயிலில் உன் உடம்புக்கு ஒன்றும் வரக்கூடாது என்று செபமாலை சொல்லும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். இங்கே மழை பிடித்துக்கொண்டது, போர்த்துகிற கம்பளி காயவே மாட்டேன் என்கிறது, ஆனால் தேயிலைக் கொழுந்து நன்றாக வருகிறது.

உன் கடிதம் கிடைத்தது. உன்னைப் பெரிய லொறிக்கு மாற்றிச் சம்பளத்தையும் கூட்டிவிட்டார்கள் என்று வாசித்ததும் அப்பா லயத்தில் ஒவ்வொரு காம்பிரா வாசலிலும் நின்று சொல்லிவிட்டு வந்தார். எனக்கும் பெருமைதான். ஆனால் அடுத்த வரியிலேயே டீவி அனுப்புகிறேன், தங்கச் சங்கிலி அனுப்புகிறேன், அம்மா இனி கொழுந்து பறிக்க மலைக்குப் போகவேண்டாம் என்று எழுதியிருக்கிறாயே, கூடின சம்பளம் கைக்கு வந்துவிட்டதா, இனிமேல்தானா? பக்கத்துக் காம்பிரா செல்லசாமியின் மகன் போன வருசம் டீவி அனுப்பினான். லயத்தில் ஏது கரண்ட்? அதன் மேல் துணி விரித்துச் சாமி படம் வைத்திருக்கிறார்கள்.

உனக்கு ஒரு விசயத்தை இத்தனை நாள் ஒளித்தேன், முடியுமுன் பேசினால் தட்டிப்போகுமோ என்று பயம். எண்பத்து நாலில் பெண்களுக்கும் ஆண்களுக்கும் ஒரே சம்பளம் என்று வந்ததும், ஆண்களுக்கும் கொஞ்சம் கூடியதும் உனக்கு நினைவிருக்கும். அது எங்கள் கைக்கு வருமுன்பே கடைவீதிக்குத் தெரிந்துவிட்டது, கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கடன் தந்தார்கள். அப்பா சுவர்க் கடிகாரமும் ஒரு கோட்டும் கடனுக்குப் பேசி வைத்துவிட்டு வந்தார். தோட்டத்தில் பெண்டாட்டி சம்பளத்தையும் புருசன்தானே வாங்குவது, அந்தத் தைரியம். சம்பள நாளில் என் பெயரைக் கூப்பிட்டதும் அவர் எழும்பினார். நானும் எழும்பி அவருக்கு முன்னால் போய் மேசையடியில் நின்றேன். அட்டைக்கடியோடு மலை ஏறி அந்த மாதம் இருபத்துமூன்று நாளும் குறையாமல் கொழுந்து பறித்து முழு நாள் பேர் போட்டது நான்தானே. கேட்டுவிட்டேன். "ஏம் பேருக்கு விழுந்த காசு, ஏங் கையில குடுங்கய்யா." சம்பளம் கொடுக்கிற கணக்கப்பிள்ளை அப்பாவைப் பார்த்தார், வரிசையில் நின்ற அத்தனை பேரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர், "அவ கையிலயே குடுங்க" என்று சொல்லிப் போய்விட்டார். இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அன்றிலிருந்து வீட்டுச் செலவுக்குப் பழைய சம்பளம் எவ்வளவோ அவ்வளவுதான் எடுத்தேன். கூடினதை அப்படியே தபால் கந்தோர்ச் சேமிப்புப் புத்தகத்தில் போட்டேன். முந்தின மாதமும் அதே காசில்தானே சாப்பிட்டோம், சம்பளம் கூடவே இல்லை என்று நினைத்துக்கொண்டோம். கோபித்த அப்பாவே நாலு மாதம் கழித்துத் தன் சம்பளத்தில் கூடினதையும் கொண்டுவந்து என் கையில் வைத்தார், கோட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. பிறகு நீ அனுப்பியதும் சேர்ந்தது.

போன புதன்கிழமை பிரஜாவுரிமைப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு காணிப் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு ஐயாவிடம் போனோம். கடைவீதிக்கு மேலே சின்னக் காணி, அதில் இரண்டு அறை, தகரக் கூரை. காணி உறுதிப் பத்திரத்தில் அப்பா பெயரும் என் பெயரும். கையெழுத்துப் போட்டு வெளியே வந்ததும் அப்பா ரோட்டில் நின்று அழுதார், எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது. நாலு தலைமுறையாகத் தோட்டத்துத் துரை கொடுத்த ஒற்றை அறைக் காம்பிராவில் கிடந்தோம், வேலை போனால் கூரையும் போகும் என்று பயந்தோம். இனி எவரும் எங்களை வெளியே போ என்று சொல்ல முடியாது. ஜெயித்துவிட்டோம் மகனே.

அதனால் நீயும் போன வருசச் சம்பளத்திலேயே இன்னும் இரு. அதில் நீ பட்டினி கிடக்கவில்லையே. காலுக்கு நல்ல சப்பாத்து ஒன்று வாங்கு, வயிறாரச் சாப்பிடு, அதில் மிச்சம் பிடிக்காதே. சங்கிலி வேண்டாம், டீவி வேண்டவே வேண்டாம். பவுலின் படித்து முடிக்கும்வரை நான் மலைக்குப் போவேன், எனக்கு அது கஷ்டமில்லை. மாதா உன்னைக் கைவிடமாட்டாள், நீ தீர்க்காயுசாக இருக்கவேண்டும்.

ஒன்றை மறக்காதே. இனிக் கடிதத்தைத் தோட்டத்து ஆபீசுக்குப் போடாதே, அங்கே கிடந்து நாலு கை மாறி வந்தது போதும். தபால்காரர் நம் வாசலுக்கே வருவார். உறை மேல் கொட்டை எழுத்தில் எழுது: சிசிலி பத்திநாதன், இலக்கம் 14, மேல் வீதி, லிந்துலை.

இப்படிக்கு,
வீட்டுக்காரி ஆகிவிட்ட உன் அம்மா
சிசிலி