நூரு சபர் போனாள்

ஜூன் 3, செவ்வாய்
கச்சான் காற்று. என் இரும்புக்கடை முழுக்க மணல். கூட்டிக் கூட்டி இடுப்பு ஒடிந்தது.

பெண்டாட்டி நூருவைச் சென்னை ரயிலில் ஏற்றிவிட்டேன். ராமநாதபுரம் கோர்ட்டில் இத்தனை வருஷம் வக்கீல். இனி கோட்டையில் ஒரு அமைச்சருக்குச் சிறப்பு உதவியாளர். சம்பள வேலைக்குப் போனால் வழக்காடக் கூடாதாம். வக்கீல் சன்னதை நிறுத்தி வைக்க எழுதிக் கொடுத்தாயிற்று. கருப்பு அங்கி பீரோவில். பாச்சை உருண்டை போட்டேன்.

ரயிலடியில் சொன்னாள்: "ஒரு மாசம் பாப்போம் மச்சான். நீங்க இங்கன கஷ்டப்படுறீங்கன்னு தெரிஞ்சா வேலைய விட்டுட்டு வந்துருவேன்."

வந்துவிடுவாள். அதுதான் பயம். இந்த வேலைக்கு அவளை விட்டால் ஆள் ஏது?

ஜூன் 5
வாங்க வேண்டியது: பால், சோப்பு, ஊறுகாய். ஊறுகாய் முக்கியம்.

கீழக்கரையில் பாதி ஆண்கள் சபரில், வெளியூர்ப் பிழைப்பில். துபாய், குவைத். பெண்டாட்டி சபர் போய்ப் புருஷன் வீடு காப்பது எங்கள் தெருவில் நான்தான் முதல். டீக்கடையில் தம்பிமார்கள் ஒரே கேலி. "என்ன காக்கா, சபராளி வீட்டம்மா ஆயிட்டீங்க!" எரிச்சல். பெருமையும்தான்.

ஜூன் 8
காய்ச்சல். கடை திறக்கவில்லை. பக்கத்து வீட்டு மரியம் லாத்தா கஞ்சி கொண்டுவந்தார். அவர் புருஷன் குவைத்தில். கஞ்சியோடு புத்திமதியும்: "தம்பி, சபர் போனவங்ககிட்ட போன்ல நோவு சொல்லக் கூடாது. அங்கன சோறு எறங்குமா? நல்லா இருக்கோம், அல்ஹம்துலில்லாஹ். அம்புட்டுத்தான்."

உம்மாவும் சபரில் இருந்த வாப்பாவிடம் அப்படித்தான் சொல்லும். சரி என்றேன்.

மக்ரிப் தொழுகைக்குப் பிறகு நூரு போன். அமைச்சர் அறையை விட்டு வரும்போது கோர்ட் பழக்கத்தில் குனிந்து வணங்கி, பின்னோக்கியே நடந்து, கதவில் முட்டிக்கொண்டாளாம். சிரித்தேன். இருமல் வந்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டாள்.

"கடை தொறந்தீங்களா?"
"ம்."
"என்ன வித்துச்சு?"
"பூட்டு."
"யாரு வாங்குனா?"

வக்கீலிடம் பொய் நிற்குமா? "காய்ச்சல்தான். அதுக்காக வேலைய விட்டுட்டு வந்துராத நூரு" என்றேன்.

நூரு சொன்னாள்: "வரலை மச்சான். நீங்க மறைச்சு, யாரோ சொல்லித் தெரிஞ்சிருந்தா நாளைக்கே கெளம்பியிருப்பேன். நெசத்தைச் சொன்னா நான் நிம்மதியா இங்கன இருப்பேன். காய்ச்சல் விடுற வரைக்கும் காலையும் சாயங்காலமும் போன் பண்ணுவேன்."

மனசு நிறைந்து தூங்கினேன்.

ஜூன் 11
காற்று குறைவு. காய்ச்சல் நேற்றே விட்டது. கடை திறந்தேன், ரெண்டு பூட்டு நிஜமாகவே விற்றது.

காலையில் போன். "இப்ப எப்படி இருக்கு மச்சான்?"

"இன்னும் லேசா இருக்கு" என்றேன்.