கரி மூட்டையில் பாதி காணோம்

ஷாமிலாவோட அப்பாவுக்கு,

ரொட்டி சட்டிக்குள்ள இருக்கு, சம்பல் கிண்ணத்துல. ராவெல்லாம் தேயிலை ஸ்டோர்ல வேலை செஞ்சுட்டு வர்றீங்க, முதல்ல சாப்பிடுங்க. அப்புறமா இதைப் படிச்சுட்டுக் கோபப்படுங்க.

நம்ம லய வீட்டுக்குப் பின்னால நீங்க பழைய பேட்டரி உடைச்சு உருக்குறதுல, நம்ம கீரைப் பாத்தி மண்ணுல ஈயம் ஏறியிருக்குன்னு விவசாய ஆபீசர் ஜெயரத்தினம் ஐயா போன மாசமே சொன்னார். "கரியை இடிச்சு மண்ணோட கலவுங்கோ தங்கச்சி, அது ஈயத்தைப் பிடிச்சு வைச்சிருக்கும், கீரைக்கு ஏற விடாது"ன்னார். தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டின மலையில மிலாறுக் குச்சி பொறுக்கிச் சுமந்து வந்து, குழியில அடுக்கி, மண்ணைப் போட்டு மூடி, கண்ணெரிய அந்தக் கரியைச் சுட்டேன்.

நேத்துப் பார்த்தா மூட்டையில பாதியைக் காணோம். கேட்டா, "கரிதானே புள்ள, நல்லா அனல் புடிச்சுச்சு"ன்னு சிரிக்கிறீங்க. ஈயத்தைக் கட்டிப்போட நான் சுட்ட கரியிலேயே ஈயம் உருக்கியிருக்கீங்க! உங்களை என்னான்னு சொல்றது?

இன்னைக்கு ஐயா மண்ணைப் பார்க்க வருவார். தேத்தண்ணி ஊத்திக் குடுங்க. காணாமப் போன பாதிக் கரி எங்கேன்னு கேட்டா நீங்களே பதில் சொல்லுங்க. நான் கொழுந்து பறிக்கப் போறேன்.

நாகு

மிச்ச மூட்டை கட்டிலுக்கு அடியில. தொடாதீங்க.

இன்னொன்னு. பின்னேரம் பிள்ளைகளைப் பார்த்துக்குற பிள்ளைக்காம்பராவுல இருந்து ஷாமிலாவை நீங்கதான் கூட்டிட்டு வரணும். கையை சோப்புப் போட்டுக் கழுவி, சட்டையை மாத்தாம அவளைத் தூக்காதீங்க. அவ உடம்புல போட்டுக் கலக்க எங்கிட்ட கரி இல்ல.