போவது மட்டும் உள்ள சொல்

அன்புள்ள வாலுப் பெண்ணுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அடுத்து உன் நலம் கேட்டு ஒரு வரி எழுதி, பிறகு அடித்துவிட்டேன். உன் விமானம் திரும்பாமல் இன்றோடு நாற்பத்து மூன்று நாள். இந்தக் கடிதத்தை உன் படைத்தளத்துக்கே அனுப்புகிறேன். வேறு முகவரி எனக்குத் தெரியாது.

வீட்டில் எல்லாம் அப்படியே இருக்கிறது. குளியலறைக் குழாய் சொட்டுவது நின்றுவிட்டது. யார் சரிசெய்தது என்று தெரியவில்லை, நானாகக்கூட இருக்கலாம். பசிக்கிறது, சாப்பிடுகிறேன். அழுகைதான் வரவில்லை. மாடி வீட்டுத் தையல்காரர் வந்து ஒரு மணி நேரம் அழுதார். நான்தான் அவருக்குத் தண்ணீர் கொடுத்துத் தேற்றி அனுப்பினேன். அம்மா என்னோடு அதிகம் பேசுவதில்லை. கோபம் ஒன்றும் இல்லை. பேச ஆரம்பித்தால் எங்கே போய் நிற்குமோ என்று இருவருக்கும் பயம்.

அலுவலகம் போகிறேன். படைத்துறைச் சொல் அகராதி அச்சுக்குப் போகும் நிலையில் இருக்கிறது. மெய்ப்புப் பார்ப்பவனுக்கு லீவு கொடுத்தால் பிழைக்கும் லீவு கொடுக்க வேண்டும் என்று நீ கேலி செய்வாயே, அதனால் லீவு எடுக்கவில்லை. இந்த வாரம், போர் விமானத்தின் ஒரு பயணத்தைக் குறிக்கும் 'சார்ட்டி' என்ற சொல் இருக்கும் பக்கம் மறுபடி என் மேஜைக்கு வந்தது.

நீ கிளம்பிய அன்று காலை போனில் கூப்பிட்டபோதும் என் கையில் இருந்தது அதே பக்கம்தான். 'சார்ட்டி போறேன்பா' என்றாய். என் வாய் சும்மா இருக்குமா? அது பிரெஞ்சுச் சொல், வெளியே போவது என்றுதான் பொருள், அவர்கள் நாட்டுத் திரையரங்கில் வெளியே போகும் கதவுக்கு மேல் இதைத்தான் எழுதியிருப்பார்கள் என்று அளக்க ஆரம்பித்தேன். நீ சிரித்துக்கொண்டே கேட்டாய்: 'அப்போ திரும்பி வர்றதுக்கு அதுல இடமே இல்லையாப்பா?'

'இல்ல. போறது மட்டும்தான்' என்றேன்.

'சரிப்பா, அப்போ போறேன்' என்றாய்.

நீ பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அந்த ஒரு வார்த்தையை வாசலில் நிறுத்தி வைத்துத் திருத்தியவன் நான். அன்று திருத்தவில்லை. பொருள் சரியாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். 'சரி, போ' என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

போன வாரம் உன் தளத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். உன் வயதுதான் இருக்கும். தேடுவதை நிறுத்தவும் உன் பொருள்களை எங்களிடம் ஒப்படைக்கவும் நாங்கள் சம்மதிப்பதாக ஒரு படிவம் கொண்டு வந்தார். அதில் 'கடைசி சார்ட்டி நிறைவுற்றது' என்று அச்சாகியிருந்தது. கிளம்பிய விமானம் தரையிறங்கினால்தான் ஒரு சார்ட்டி நிறைவு என்று அகராதிக்காக எழுதிக் கொடுத்தவளே நீதானே. என்னை அறியாமல் சிவப்புப் பேனாவை எடுத்து, 'நிறைவுற்றது' என்பதை அடித்து, ஓரத்தில் நீக்கல் குறியும் போட்டுவிட்டேன். அந்தப் பெண் படிவத்தைத் தன் பக்கம் திருப்பிப் படித்தார். நீங்கள் சொல்வது சரிதான் சார், ஆனால் திருத்தின படிவம் செல்லாது என்றார்.

நேற்று புதுப் படிவம் வந்தது. 'சார்ட்டியிலிருந்து திரும்பவில்லை' என்று மாற்றியிருக்கிறார்கள். நான்கு தடவை படித்தேன். பிழை இல்லை.

இன்று காலை பார்த்தால், படிவத்தின் கீழே அம்மா தன் கையெழுத்தைப் போட்டிருக்கிறாள். அவளாகத்தான் சொன்னாள்: 'எனக்கு அவ துணியாவது வேணுங்க.' அவளுக்கு அதையாவது கொடுக்க வேண்டும். நாளை நானும் போட்டுவிடுவேன்.

அந்தச் சொல்லைப் பற்றி அன்று உனக்குப் பாதிதான் சொன்னேன். பழைய காலத்தில் எதிரி கோட்டையைச் சூழ்ந்துகொண்டால், உள்ளே இருப்பவர்கள் கதவைத் திறந்து பாய்ந்து போய் அடித்துவிட்டு, கோட்டைக்கே திரும்புவார்கள். அதற்குப் பெயர்தான் சார்ட்டி. அவர்கள் வரும்வரை கதவுக்குப் பின்னால் யாரோ நின்றிருக்க வேண்டும். அப்படி நின்றவர்களைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் ஒரு வரி இல்லை.

அகராதியில் 'போய்வரவு' என்று போட்டிருக்கிறேன். பதிப்பாசிரியர் 'புறப்பாடு' போதுமே, மூலத்தில் வரவு எங்கே இருக்கிறது என்று கேட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார். இருபத்தெட்டு வருட வேலையில், மூலத்தில் இல்லாததை நான் தெரிந்தே சேர்த்தது இது ஒன்றுதான்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், அன்று திருத்தாமல் விட்டதைத் திருத்திவிடுகிறேன். போறேன்னு சொல்லக் கூடாதும்மா. போயிட்டு வரேன்னு சொல்லு.

உன்
அப்பா